கழுத்தைத் தொடவிடாத குட்டி

எனக்குக் குரல் பெரியது. பிறவியில் வந்ததில்லை, உத்தியோகத்தில் வந்தது. எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். மெட்ராஸுக்கு டிரங்க் கால் என்றால் மெட்ராஸ் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினால்தான் காரியம் நடக்கும். வேலூர் ஆபரேட்டர் காதில் விழுவதற்கு ஒரு கத்தல், அவர் தூங்கிவிடாமல் இருக்க இன்னொரு கத்தல், கடைசியில் கால் புக் பண்ணினவரிடம் "பேசுங்க சார், லைன்ல இருக்காங்க" என்று ஒரு கத்தல். ஷிப்ட் முழுக்க இப்படிக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து "உப்ப எடுங்க" என்று சொன்னாலும் அதே சத்தத்தில்தான் வரும். என் கணவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். வாயைத் திறப்பதைவிடத் தலையாட்டுவதில் நம்பிக்கை உள்ளவர். "தெருவே கேட்டுச்சி, உப்பு எடுத்தாந்து குடுக்கப் போறாங்க" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபம் வந்தால் சத்தம் இன்னும் கூடும்.

நாங்கள் குடியிருந்தது கோயில் மதிலைப் பார்த்த ஒத்தவாடைத் தெருவில். ஒரு பக்கம் வீடுகள், எதிரே நீளத்துக்கு மதில். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர், பாய் என்றுதான் கூப்பிடுவோம், மெத்தைக் கடை வைத்திருந்தார். கொஞ்சம் தள்ளி டீக்கடை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது ஆபீஸ் சைக்கிள் ஷெட்டில் ஏதோ முனகியது. போய்ப் பார்த்தால், யாருடைய சைக்கிளின் சக்கரக் கம்பியிலோ தேங்காய் நார்க் கயிறு சிக்கியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு நாய்க்குட்டி. கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கிருந்தோ ஓடி வந்திருக்கிறது. இன்னும் சின்னதாக இருந்தபோது கட்டிய சுருக்கை வளர்ந்த பிறகும் தளர்த்தாமல் விட்டிருந்தார்கள். அது தோலுக்குள் இறங்கி, கழுத்தைச் சுற்றிப் புண்ணாகி ஈ மொய்த்தது. ஆபீஸ் கத்தரிக்கோலை எடுத்து வந்து வெட்டி எடுத்து, என் ஒயர் கூடையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரக்கம் என்று சொல்ல மாட்டேன். கட்டினவன் மேல் வந்த ஆத்திரத்தில்தான் கொண்டுவந்தேன். அவன் கையில் கிடைத்திருந்தால் அதே கயிற்றை அவன் கழுத்தில் போட்டிருப்பேன்.

முதல் இரண்டு மூன்று நாள் குட்டி மயங்கின மாதிரி கிடந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினால் தடவவிட்டது. பால் ஊற்றினால் குடித்தது. தெம்பு வந்ததும் பயமும் கூடவே வந்துவிட்டது. பின்கட்டில் ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டது. நான் "வா வா, தோ தோ" என்று கூப்பிட்டால் இருந்த இடத்திலேயே ஈரம் பண்ணிவிடும். கை நீட்டினால் கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நடுங்கும். மனிதர்கள் நடமாடாதபோது மட்டும் வெளியே வந்து சோற்றைத் தின்றுவிட்டு ஓடிவிடும்.

இது இப்படியே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். பாய்தான் ஒரு நாள் கடையில் இருந்தபடியே கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மா, குட்டி வளக்கறீங்க, ரொம்ப சரி. தீபத்துக்குள்ள அதும் கழுத்துல பெல்ட்டு ஏறிடணும். கொடியேத்தத்துக்கு முன்னாடி நாய்வண்டி வரும். கழுத்துல வில்ல இல்லன்னா தூக்கிடுவாங்க."

"தூக்கிட்டு?"

பாய் பஞ்சைப் பிரித்துக்கொண்டே, "தூக்கிட்டா தூக்கினதுதாம்மா" என்றார்.

எனக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதுவரை நாய் இல்லாததால் மனதில் தங்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவர்களை நாய் கடித்து வைத்தால் என்ன ஆவது என்று, கொடியேற்றத்துக்கு முந்திய நாட்களில் முனிசிபாலிட்டிக்காரர்கள் தெரு நாய்களைப் பிடிப்பார்கள். வளர்ப்பு நாய் என்றால் கழுத்துப் பெல்ட்டில் நம்பர் போட்ட தகர வில்லை தொங்க வேண்டும். வில்லை இருந்தால் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் கூண்டு வண்டி. அதில் போன நாய் எதுவும் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

என் கணவர் அந்த வாரமே வில்லையும், அதைக் கோக்க ஒரு தோல் பெல்ட்டும் வாங்கி வந்துவிட்டார். பாக்கி இருந்தது அதைக் கழுத்தில் போடுவது மட்டும்தான். அதற்குத்தான் கழுத்து கிடைக்கவில்லை.

முதலில் வலுக்கட்டாயமாகவே செய்து பார்த்தோம். அவர் கோணிப்பையைப் போட்டுக் குட்டியை அமுக்கிப் பிடித்தார், நான் பெல்ட்டை மாட்டினேன். அது என் கட்டைவிரலைக் கடித்து, உருண்டு புரண்டு, முன்னங்காலால் பெல்ட்டைத் தலைவழியாக உருவிப் போட்டுவிட்டுப் பின்சுவர் ஏறி ஓடியது. பின்சுவர் ஏற்கெனவே பாதி இடிந்து கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் கட்டித் தருகிறேன் கட்டித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த சுவர். குட்டி அரை நாள் கழித்துத்தான் திரும்பியது. நாய்க்கடிக்கு நான் போட்டுக்கொண்ட ஊசிகள் தனிக் கதை. அறைக்குள் போட்டு அடைத்தும் பார்த்தோம். கதவைப் பிராண்டிப் பிராண்டி நகத்திலிருந்து ரத்தம் வந்ததும் திறந்துவிட்டோம். ஆக, கட்டவும் முடியாது, அடைக்கவும் முடியாது. அதாகக் கழுத்தைக் கொடுத்தால்தான் உண்டு.

டீக்கடையில் ஒரு செவலை நாய் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் போய்க் காலடியில் குந்தி வாலை ஆட்டும். டீக் குடிக்கிறவர்கள் தொட்டுத் தின்கிற பொறை ரொட்டியில் பாதியைக் கிள்ளிப் போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் அதன் காதைப் பிடித்து இழுத்தாலும் சிரித்தமாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். என் கணவர் அதைக் காட்டிக் காட்டிப் பெருமூச்சு விடுவார். "நாய்னா அது நாய். நாம எடுத்தாந்தது பூனைக்கும் கேடு." எனக்கும் உள்ளூரப் பொறாமைதான். நம் குட்டி இந்தச் செவலை மாதிரி ஆகிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன்.

வழி கிடைத்தது தற்செயலாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் உட்கார்ந்து முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெயில் கண்ணில் அடிக்கிறதே என்று ஆட்டுக்கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். ரேஷன் அரிசி, கல்லுக்குப் பஞ்சமில்லை, குனிந்த தலை நிமிரவில்லை. சற்று நேரத்தில் இடுப்புக்குக் கீழே சேலையில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு. முகர்ந்து பார்க்கிறது. நான் திரும்பினேன், அது போயே போய்விட்டது.

மறுநாளும் அதே மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வந்தது. இந்த முறை திரும்பவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அதுவரை நான் செய்ததெல்லாம் தலைகீழ். நேரே பார்த்து, கையை நீட்டி, குனிந்து, வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கயிறு போட்டவனும் அப்படித்தான் வந்திருப்பான். அது கேட்டதெல்லாம், என்னை யாரும் பார்க்கக்கூடாது, நான்தான் அவர்களைப் பார்ப்பேன் என்பதுதான்.

அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போகும் முன்போ வந்த பின்போ பின்கட்டில் போய் முதுகைக் காட்டி உட்காருவது வழக்கமாயிற்று. பொறை ஒன்று வாங்கி வைத்துக்கொள்வேன். கையைப் பின்னால் நீட்டி, விரல் நுனியில் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்ப்பேன். முதலில் கீழே போட்டால்தான் எடுத்தது. பிறகு விரலிலிருந்து எடுத்தது. பிறகு விரலை நக்கியது. பேசக்கூடாது. பேசினால் ரகசியம் பேசுகிற மாதிரிப் பேச வேண்டும். ஆபீஸில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வாசலில் செருப்பை விடும்போதே தொண்டையையும் கழற்றி வைக்கப் பழகினேன். கணவரிடம் பேசுவதும் தானாகவே தணிந்துவிட்டது.

"கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்லிட்டிருக்கறேன், கொறையல. ஒரு குட்டி வந்து கொறச்சிடுச்சி" என்றார். கோபம் வந்தது. ஆனால் ஆட்டுக்கல்லுக்குப் பின்னாலிருந்து இரண்டு காதுகள் தெரிந்ததால் அதையும் மெல்லத்தான் பட்டேன்.

கழுத்துக்கு வழி சொன்னவர் பாய். அவர் நாயைத் தொட மாட்டார். "எச்சில் பட்டா கழுவிக் கழுவி மாளாதும்மா. ஆனா பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே" என்று தன் கடைப் பக்கத்துக் குட்டைச் சுவர் வழியாக எங்கள் பின்கட்டைத் தினமும் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் தலையணை உறைக்குத் தைக்கிற பருத்தி நாடாவில் ஒரு முழம் கிழித்துச் சுவர் மேல் வைத்தார்.

"தோலு வேணாம். முதல்ல இத உங்க கையில சுத்திக்கங்க. கையிலயே கெடக்கட்டும். பொறையோட பொறையா அதுக்குப் பழகட்டும்."

அப்படியே செய்தேன். நாடா சுற்றிய கையால் பொறை கொடுத்தேன். நாடா சுற்றிய கை அதன் தாடையைத் தொட்டது, பிறகு காதுக்குப் பின்னால், பிறகு புண் ஆறி மயிர் முளைக்காத அந்த வட்டத்தின் விளிம்பில். ஆவணி போய்ப் புரட்டாசி பிறந்தபோது நாடாவைக் கழுத்தின் மேல் சும்மா போட்டு எடுக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. முடிச்சுப் போட முடியாது, ஆனால் போட்டு எடுக்கலாம். அன்று நான் ஆபீஸில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, சொன்னால் சிரிப்பார்கள் என்று சும்மா என்றேன்.

அடுத்தது தோல் பெல்ட். புதுத் தோலின் வாடை அதற்குப் பிடிக்கவில்லை. அதனால் பெல்ட்டை என் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தேன், பகலில் ஒயர் கூடையில் என் பழஞ்சேலைக்குள் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் பெல்ட்டும் என் பழஞ்சேலை வாடைக்கு வந்துவிட்டது. பொறையை அதில் சுற்றிக் கொடுத்தால் தைரியமாக மூக்கை விட்டது. இன்னும் ஒரு வாரம், மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. ஆயுத பூஜையன்று எங்கள் ஊரில் எதுவும் தப்பாது. தையல் மிஷினிலிருந்து தேங்காய் திருவுகிற மனை வரை கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூ போட்டுவிடுவார்கள். ஆபீஸில் நாங்கள் ஸ்விட்ச் போர்டுக்கே பொட்டு வைத்துவிட்டு வந்தோம். நான் வீட்டுக்கு வருவதற்குள் என் கணவர் தன் பிரஷ்கள், கலர் டப்பாக்கள், சைக்கிள் பம்ப் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். வரிசையின் கடைசியில் பெல்ட். சவுக்காரம் போட்டுக் கழுவி, காயவைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து மினுக்கி, வில்லைக்கு நடுவில் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியும் சுற்றியிருந்தார். கற்பூரப் புகையும் காட்டியாகிவிட்டது.

"நல்லபடியா கழுத்துல ஏறட்டும்னு வேண்டிக்கிட்டுத்தான் வெச்சேன்" என்றார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

குட்டியிடம் கொண்டுபோனேன். ஒரு தடவை முகர்ந்தது. சந்தனம், கற்பூரம், சவுக்காரம். தும்மிவிட்டு இடுக்குக்குள் போய்விட்டது. என் வாடை பெல்ட்டில் துளிகூட இல்லை. நான் கத்தியிருக்க வேண்டும், கத்த முடியாது, குட்டி இருக்கிறது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழு கிசுகிசுப்பில் அவரைத் திட்டினேன். திட்டு என்றால் அப்படித் திட்டு. "நீ கத்தறதே தேவல, இது வயித்தக் கலக்குது" என்றார். சாமி விஷயம் ஆனதால் அதற்கு மேல் சொல்லவும் முடியவில்லை. பெல்ட்டை மறுபடி தலையணைக்கடியில் வைத்தேன்.

கற்பூர வாடை போவதற்குள் தீபாவளி வந்துவிட்டது. விடியலில் முதல் வெடி வெடித்ததும் குட்டி இடிந்த சுவர் ஏறி ஓடிப்போனது. மூன்றாம் நாள் வந்தபோது விலா எலும்பு தெரிந்தது. மறுபடியும் முதுகைக் காட்டி உட்காருவதிலிருந்து ஆரம்பம். நல்லவேளை, இந்தத் தடவை சீக்கிரம் வந்தது. பயம் புதிதாக வந்திருந்தாலும் பழைய பழக்கம் அடியில் அப்படியே இருந்தது. கார்த்திகை பிறந்தபோது பெல்ட்டைக் கழுத்தில் வளைத்துப் பிடிக்கலாம். கொக்கி மாட்டுகிற கிளிக் சத்தம் கேட்டால்தான் துள்ளும். கிட்டத்தட்ட வந்துவிட்டோம். ஆனால் கோயிலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. தெருவில் கடைகள் முளைக்க ஆரம்பித்துவிட்டன. தினமும் வேலைக்குப் போகும்போது ஆட்டுக்கல் இடுக்கை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். திரும்பி வந்து இரண்டு காதுகளைப் பார்த்தால்தான் மூச்சு வரும்.

நாய் பிடிக்கிறவர்கள் வந்த அன்று எனக்கு மதிய ஷிப்ட். கணவர் பள்ளிக்கூடம் போய்விட்டார். சாம்பாருக்குப் பருப்பு வைத்துவிட்டு நிமிர்ந்தேன், குட்டைச் சுவருக்கு மேல் பாயின் தலை.

"அம்மா, வண்டி வந்துடுச்சி. குட்டி எங்க?"

ஆட்டுக்கல் இடுக்கு காலியாக இருந்தது. பெல்ட்டையும் டப்பாவில் இருந்த பொறையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிரே மதில் ஓரத்தில், கொட்டி வைத்திருந்த பந்தல் கீற்றுக்குப் பக்கத்தில் குட்டி நின்றிருந்தது. அதற்கும் எனக்கும் நடுவில் கம்பிக் கூண்டு வைத்த தள்ளுவண்டி. ஒருவர் கையில் நீளக் கழி, நுனியில் கம்பிச் சுருக்கு.

செவலையை அவர்கள் தேடவே வேண்டியிருக்கவில்லை. டீக்கடை பெஞ்சுக்கடியிலிருந்து அதுவாக எழுந்து, புது ஆட்கள் வந்திருக்கிறார்களே என்று வாலை ஆட்டிக்கொண்டு போனது. காலடியில் குந்தியது. சுருக்கு கழுத்தில் விழுந்தது. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது.

டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு ஓடி வந்து, "அது யாரையும் கடிக்காதுங்க, ரொம்ப சாதுங்க" என்றார்.

"கடிக்குமா கடிக்காதான்னு பாக்கறது எங்க வேல இல்லீங்க. வில்ல இருந்தா விடறோம்" என்றார் கழி வைத்திருந்தவர். அதட்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் பெல்ட்டைத் தூக்கிக் காட்டி, "அந்தக் குட்டி எங்களுதுங்க. இதோ வில்ல" என்றேன். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன், குட்டி இருக்கிறதே.

"கையில இருந்தா நான் என்னாம்மா பண்றது? கழுத்துல மாட்டிக் காட்டுங்க, போயிடறோம்."

நியாயமான பேச்சு. மாட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நடுத்தெருவில் ஆபீஸ் சேலையோடு முதுகைக் காட்டி உட்காரவும் தயாராக இருந்தேன். அப்போதுதான் அவர்களில் இன்னொருவரைப் பார்த்தேன். அவர் மதில் ஓரமாக, குட்டியிலிருந்து நாலு முழம் தள்ளி, ஏற்கெனவே குந்தியிருந்தார். குட்டியைப் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பி, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையைப் பின்னால் நீட்டியிருந்தார். விரல் நுனியில் ஒரு துண்டு பொறை.

அது நான் உட்காருகிற உட்காரல். எந்த மனிதரைக் கண்டாலும் ஓடிக்கொண்டிருந்த குட்டிக்கு, இப்படி உட்கார்ந்திருக்கிறவர் நல்லவர் என்று நாலு மாதமாக நான் தினமும் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறேன். குட்டி கழுத்தை நீட்டியது. முகர்ந்தது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. அந்த மனிதரின் மறு கை மடியில் சுருக்கைத் தளர்த்துவது எனக்குத் தெரிந்தது.

கத்தினேன்.

"ஓடு! போ! ஓடு!"

மெட்ராஸுக்குக் கத்துகிற கத்தல் அல்ல, அதையும் தாண்டியது. நாலு மாதமாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. கடை வாசலுக்கு வந்திருந்த பாய் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டார். டீக்கடையில் ஒரு கிளாஸ் உடைந்தது. குட்டி அந்தரத்தில் எகிறி, என் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வை இருக்கிறதே, அதை இன்று நினைத்தாலும் எனக்குத் தாங்காது. பிறகு மதிலை ஒட்டி ஓடி மறைந்துவிட்டது.

குந்தியிருந்தவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "கெடுத்துட்டீங்களேம்மா" என்றார். கையிலிருந்த பொறையைத் தானே வாயில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கூண்டுக்குள்ளிருந்து செவலை எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனது.

நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பருப்பு அடிப்பிடித்த வாடை தெரு வரைக்கும் வந்தது. எழுந்து போகத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமும் மறுநாளும் என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலை சுற்றுகிற வழியெல்லாம் தேடிவிட்டு வந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் பார்த்தார், மாட்டுச் சந்தை போடுகிற இடத்தில் பார்த்தார். வண்டி இன்னும் ஊருக்குள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. குட்டி எங்கேயாவது, யாராவது முதுகைத் திருப்பிக் குந்தியிருப்பதைப் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு. நான் கத்தினதில் மனிதர்கள் மேலேயே வெறுத்துப் போயிருந்தால் பிழைத்துக்கொள்ளும். என்னையும் சேர்த்து வெறுத்தால்தான் முழுசாகப் பிழைக்கும். அதை வேண்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை, வேண்டாமல் இருக்கவும் முடியவில்லை. ஸ்விட்ச் போர்டில் இணைப்பு ஒயரைத் தப்புத் தப்பான துளையில் செருகி எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கினேன்.

கொடியேற்றத்தன்று விடிகாலையில் கோயிலுக்குப் போகலாம் என்று குளித்துவிட்டுப் பின்கட்டுக்குத் துணி உலர்த்தப் போனேன். இடிந்த சுவரின் மேல் குட்டி நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் சேறு, காதில் ஒரு கிழிசல். இறங்கவில்லை. போகவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பொறை இல்லை. வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். இடுப்பில் பெல்ட் இருந்தது. அந்த நாட்களில் அதை இடுப்பிலேயே செருகிக்கொண்டு அலைந்தேன். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் கால் மரத்துப் போயிற்று. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது, இறங்கிவிட்டது. நகச் சத்தம் ஆட்டுக்கல் வரை வந்து நின்றது. பிறகு முதுகில் மூச்சு பட்டது.

அதோடு நிற்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. அதுவரை ஒரு நாளும் முன்னால் வந்ததில்லை. நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் மடியில் தாடையை வைத்தது.

பெல்ட்டை வளைத்துக் கொக்கியை மாட்டினேன். கிளிக். அதே நேரம் கோயிலில் கொடி ஏறின வேட்டு மலை அதிர வெடித்தது. குட்டி துள்ளியது, ஆனால் சுவர்ப் பக்கம் துள்ளவில்லை. என் அக்குளுக்குள் தலையை முட்டி நுழைத்துக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கியது. நான் அதைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் எதிலும் வந்ததில்லை. என் கணவர் கதவோரமாக நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோயிலுக்கு நாங்கள் அன்று போகவில்லை.

தீபத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் குட்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். கையை நீட்டினால் ஓடுகிறது, பிஸ்கட் போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, இதெல்லாம் ஒரு நாயா என்றார்கள். கூட்டம் வடிந்த பிறகு என் கணவர் கேட்டார்.

"இப்பதான் வில்ல ஏறிடுச்சே. அவசரம் ஒண்ணும் இல்ல. நிதானமா எல்லார்கிட்டயும் பழக்கிடலாமே. நாம வேற ஆளுங்கள உக்கார வெச்சி, பொறை குடுக்கச் சொல்லி..."

"வேணாம்" என்றேன்.

"ஏன்? பாவம், பயந்துக்கிட்டே இருக்குது."

"வில்ல எப்ப வேணா அறுந்து விழும். பயம் இருந்தா ஓடிடும். இருக்கட்டும்."

அவர் டீக்கடைப் பக்கம் பார்த்தார். பெஞ்சுக்கடியில் செவலை படுத்திருந்த இடத்தில் யாரோ செருப்பை விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குட்டி வளர்ந்து கிழடாகி, எண்பதுகளின் பாதிக்கு மேலும் எங்களோடு இருந்தது. என்னிடம் வரும், அவரிடம் வரும், பாயைக் கண்டால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாலை மட்டும் ஆட்டும். நான்காவதாக ஒரு மனிதரிடம் அது போனதில்லை. போகச் சொல்லி நான் பழக்கவும் இல்லை.